கவரைத் திற, முதலில்

அடேய்,

நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். இப்போது இதைக் கீழே வைத்துவிட்டு, அந்த விதைக் கவரை எடுத்துத் திற. மிச்சத்தை அப்புறம் படி.

திறந்தாயா? நெரைன் என்கிற அந்தக் கிழங்குப் பூச்செடியின் விதையை நிழலில் உலர்த்திக் காகிதக் கவரில் போட்டு, வசந்தத்தில் விதைக்கலாம் என்று அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பத்திரம்தான் அதற்கு எமன். கத்தரி விதை மாதிரி இது காய்ந்து கிடந்து காத்திருக்காது. மேலே கெட்டி ஓடு இல்லை, உறக்கம் இல்லை. பச்சையாக, சதைப்பிடிப்பாக, உள்ளே தண்ணீரோடு இருக்கும் விதை. காய்ந்தால் செத்துப்போகும். காயின் மெல்லிய தோலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். சில சமயம் பூந்தண்டில் இருக்கும்போதே வேர்விட்டுவிடும்.

சுருங்கிக் கல்லாகிப்போனதைத் தூக்கிப் போடு. நகத்தால் லேசாக அழுத்தினால் திண்ணென்று இருப்பதை மட்டும் வைத்துக்கொள். பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி போதும். பெருமணல் இரண்டு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு. விதையை மண்ணுக்குள் புதைக்காதே, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி அழுத்தி வை. புதைத்தால் அழுகும், நீ எல்லாவற்றையும் புதைக்கிற ஆள் என்பதால் இரண்டு தரம் சொல்கிறேன். விதைக்கு விதை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. வேர் எட்டிப் பார்த்திருந்தால் அதன் முனை கீழே பார்க்கட்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி அடியிலிருந்து நனைத்து, உடனே எடுத்துவிடு. வேர் இறங்கி வெகுநாள் இலையே காணாது. செத்துவிட்டது என்று தோண்டிப் பார்க்காதே. விதையில் இருக்கும் சத்தெல்லாம் கீழே இறங்கி முதலில் குட்டிக் கிழங்காகிறது, இலை அதற்கப்புறம்தான். முதல் இரண்டு வருஷம், இலை பச்சையாக இருக்கும்வரை தண்ணீரை நிறுத்தாதே. பெரிய கிழங்குக்குச் சொல்லும் ஓய்வுக் கணக்கு குழந்தைகளுக்குப் பொருந்தாது.

இனி உன் பந்தயம். உன் தொட்டியில் பூத்தது நெரைனே இல்லை, அதே மாதிரி பூக்கும் லைகோரிஸ் என்கிற வேறு கிழங்குச் செடி என்று நம் நண்பன் தாடி அடித்துச் சொன்னானாம். சிரிக்காதே, அவன் பேச்சில் நியாயம் உண்டு. சிவப்பு லைகோரிஸ் ரேடியாட்டாவை ‘கர்ன்சி லில்லி’ என்று சீட்டு ஒட்டி விற்பது பழைய குழப்பம், அந்தப் பெயர் நெரைனில் ஒரு ரகமான சார்னியென்சிஸுக்குச் சொந்தம். ஆனால் லைகோரிஸ் விதை கறுப்பு, கெட்டி. பரவலாக வளர்க்கும் சிவப்பு ரகம் விதையே பிடிக்காது. உன் கவரில் இருந்தது பச்சை விதை. இன்னும் சந்தேகமென்றால் கிழங்கின் வெளித்தோலில் ஒரு துண்டைப் பிய்த்து மெல்ல இழுத்துப் பார், சிலந்தி நூல் மாதிரி இழை நீளும். நெரைன் குடும்பக் கிளையின் அடையாளம் அது. ஆக தாடி தோற்றான்.

நீயும் ஜெயிக்கவில்லை. உன் தொட்டிச் சீட்டில் சார்னியென்சிஸ் என்று இருக்கிறது, நீ அனுப்பிய படத்தில் இருப்பது அது இல்லை. சார்னியென்சிஸில் இதழ்கள் எல்லாப் பக்கமும் சமமாகப் பின்னால் சுருண்டு, மகரந்தத்தாள்கள் நிமிர்ந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் பார்த்தால் பொன்தூள் தூவியது போல மினுக்கும். உன் பூவில் மகரந்தத்தாள்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன, இதழ்கள் மேல்பக்கமாக ஒதுங்கி விசிறியாக நிற்கின்றன. அப்படியானால் நெரைனிலேயே வேறு ரகம்: பௌடெனியை, இல்லாவிட்டால் அண்டுலேட்டா. அளவுகோல் வைத்துப் பார். இதழ் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், இலை இரண்டு விரல் அகலத்தை நெருங்கினால் பௌடெனியை. இதழ் இரண்டு சென்டிமீட்டர்தான், ஓரம் கொசுவம் வைத்த மாதிரி நெளிந்திருக்கிறது, இலையும் ஒடுங்கியது என்றால் அண்டுலேட்டா. இலை நூல் மாதிரி இருந்தால் ஃபிலிஃபோலியா, மேசோனியோரம் என்ற ரகங்கள் பக்கம் போக வேண்டும். உன்னுடையது அதில்லை. என் கணிப்பு பௌடெனியை.

பெயரில் என்ன இருக்கிறது என்பாய். இதில் எல்லாமே இருக்கிறது. சார்னியென்சிஸ் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மலைகளைச் சேர்ந்தது. அங்கே மழை குளிர்காலத்தில். ஆகவே இலையும் அப்போதுதான், கோடையில் வெறும் கிழங்காகத் தூங்கும். பௌடெனியை கிழக்குக் கேப், டிராக்கன்ஸ்பெர்க் பக்கம், மழை கோடையில். கோடை முழுக்க இலை, இலையுதிர்காலத்தில் பூ, அப்புறம் குளிரில் உறக்கம். நீ சீட்டை நம்பிக் கோடையில் தண்ணீரை நிறுத்தினாய். இலை மஞ்சளானதை உறக்கம் வந்துவிட்டது என்று நினைத்தாய். அது பட்டினியடா. இந்த வருஷம் இரண்டே தண்டு வந்ததற்குக் காரணம் தேடினாயே, பெரும்பங்கு அதுதான். இதில் இன்னொரு சிக்கல், கிழங்குக்குள் அடுத்தடுத்த இரண்டு வருஷத்துப் பூமொட்டு முன்கூட்டியே உருவாகியிருக்கும். சாப்பாடு போதாவிட்டால் உள்ளேயே கருகிவிடும். எனவே அடுத்த வருஷமும் குறைச்சலாகப் பூத்தால் புதிதாக ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பதறி எதையும் மாற்றாதே.

சீட்டைப் பார்க்காதே, இலையைப் பார். இலை முளைத்தால் தண்ணீர், தானாக மடிந்தால் நிறுத்து.

பெரிய தொட்டிக்கு மாற்றுகிறேன் என்கிறாய், வேண்டாம். நெருக்கடியில்தான் நன்றாகப் பூக்கும். உறக்கத்திலும் அதன் சதைப்பிடிப்பான வேர் உயிரோடு இருப்பதால், கலைத்தால் ஒரு பருவம் கோபித்துக்கொள்ளும். நாலு வருஷத்துக்கு ஒருதரம் போதும். அப்போதும் தொட்டியில் கழுத்து மண்ணுக்கு வெளியே இருக்கட்டும். தழைச்சத்து உரம் கொடுத்தால் இலைதான் கிடைக்கும், சாம்பல்சத்து அதிகமுள்ளதைப் பாதி அளவில் கரைத்து, இலை வளரும் காலத்தில் மட்டும் ஊற்று. கழுத்தில் காய்ந்த தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி, தோலை உரித்துத் துடை. கிழங்கு விஷம், கையைக் கழுவு.

புது விதைத் தொட்டியில் சார்னியென்சிஸ் என்று எழுதிவைக்காதே. பக்கத்தில் வேறு ரகம் பூத்திருந்தால் கலப்பாகவும் இருக்கலாம். தாய்ச்செடி எது, விதைத்த தேதி என்ன என்று மட்டும் எழுது. பூக்க மூன்றிலிருந்து ஐந்து வருஷம்.

அளவுகோலைப் பூவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம், இலையோடு ஒரு படம் அனுப்பு. எத்தனை விதை திண்ணென்று இருந்தது என்றும் எழுது. தாடியிடம் பந்தயப் பணம் இப்போதே வாங்காதே, பாதிதான் உன்னுடையது.

உன்
பழைய பெஞ்சு