டெங்கு தொற்றாத எலியும் பிள்ளைகள் கேட்ட கேள்வியும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கல்முனைப் பக்கம் விதைப்பு முடிந்து மழையும் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இங்கே வாவி முட்டி நிற்கிறது. இனி நுளம்பும் டெங்கும் வரும் காலம். "பரம்பரையலகை மாற்றிய எலியில் பார்த்த மருந்து மனிதனுக்கு எப்படிச் சரிவரும்?" என்று உன் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்டதற்கு டெங்குவை வைத்தே பதில் எழுதுகிறேன். எலியிடமிருந்து எதை எடுத்திருக்கிறோம் என்பதை முதலில் அவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண ஆய்வுகூடச் சுண்டெலிக்கு டெங்கு வைரசை ஏற்றினாலும் அது நோயில் விழாது. மனிதக் கலத்துக்குள் வைரசின் என்எஸ்5 புரதம், ஸ்டாட்2 என்னும் நம் புரதத்தை அழித்து, வைரசு வந்தால் கலங்களை உசார்ப்படுத்தும் இன்டர்பெரோன் என்ற புரதம் கொடுக்கும் எச்சரிக்கையைப் பாதி வழியில் அறுத்துவிடும். எலியின் ஸ்டாட்2 அதற்குப் பிடிபடாது. ஆகவே வைரசால் முடியாததை ஆய்வாளர்கள் செய்தார்கள்: அந்த எச்சரிக்கையைக் கலத்தில் ஏற்கும் இன்டர்பெரோன் வாங்கிகளின் பரம்பரையலகுகளையே செயலிழக்க வைத்தார்கள். ஏஜி129 என்ற எலியில் அல்பா/பீட்டா வாங்கியும் இல்லை, காமா வாங்கியும் இல்லை.

அந்த எலி முளையத் தண்டுக்கலங்களின் வழியாக உருவானது. அந்த முறைக்காகத்தான் கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு. இன்று புது எலி வேண்டுமென்றால் கிறிஸ்பர், அதாவது டிஎன்ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் முறை. பெண் எலிக்கு முட்டைகளை முதிர வைக்கப் பிஎம்எஸ்ஜி ஓமோன் 5 அலகு. 46 முதல் 48 மணித்தியாலம் கழித்து, முட்டைகளை வெளிவிட வைக்க எச்சிஜி ஓமோன் 5 அலகு. அன்றிரவே ஆணோடு விடுவது. காலையில் யோனியில் வெண்மையான அடைப்புத் தெரிந்தால் கருக்கட்டிய முட்டைகளை எடுக்கலாம். ஒவ்வொன்றும் மில்லிமீற்றரில் கிட்டத்தட்டப் பத்திலொரு பங்கு. வெட்டும் கேஸ்9 புரதமும் வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏயும் கலந்த துளியில் வைத்து மின்துடிப்புக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும். பிறகு, விந்துக்கான் வெட்டிய ஆணோடு சேர்ந்த இன்னொரு பெண்ணின் சூலகக்கானுக்குள் வைத்தால் 20 நாளளவில் குட்டி.

குட்டி பிறந்த பிறகுதான் நிறையப் பிழை நடக்கும். முட்டை பிரியத் தொடங்கிய பின்னும் கேஸ்9 வெட்டிக்கொண்டிருந்தால் ஒரே குட்டியின் கலங்களில் பல விதமான மாற்றங்கள் கலந்திருக்கும். காதுத் துண்டில் கண்டது விந்தில் இல்லாமலும் போகலாம். அதனால் மாற்றமில்லாத எலியோடு சேர்த்து, அடுத்த தலைமுறையின் டிஎன்ஏ வரிசையை வாசிக்க வேண்டும். நீங்கிய எழுத்துகளை எண்ணவும் வேண்டும்: கலம் மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கும், ஆகவே மூன்றோ ஆறோ போயிருந்தால் வாசிப்புச் சட்டகம் குலையாது, புரதம் சற்றுக் குறுகி வேலை செய்துகொண்டே இருக்கலாம். ஏஜி129ஐ ஒப்பிடுவதற்கு, அது வந்த 129 இனத்து எலிதான் சரி. கைக்குக் கிடைத்த கறுப்பு எலியை, அந்த சி57பிஎல்/6ஐ வைத்தால், வித்தியாசம் வாங்கி இல்லாததால் வந்ததா, இனம் வேறானதால் வந்ததா என்று எவராலும் பிரிக்க முடியாது.

நோயாளியிடமிருந்து எடுத்த வைரசை ஏற்றிய தொடக்க காலத்தில் இந்த ஏஜி129 எலிகளுக்கு வந்தது கால்கள் செயலிழக்கும் வாதம். நாம் அஞ்சும் இரத்தக்குழாய்க் கசிவு வரவில்லை. எலியிலும் நுளம்புக் கலங்களிலும் மாறி மாறி வளர்த்த வைரசுதான் பிறகு கசிவைக் கொடுத்தது. அதை அளக்க நாளத்தில் எவன்ஸ் நீலம் என்ற சாயத்தை ஏற்றுவார்கள். அது இரத்தத்தின் அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும்; குழாய்ச் சுவர் உறுதியாக இருந்தால் வெளியே வராது. கசிந்த எலியைத் திறந்தால் குடலும் ஈரலும் நீலம் பாரித்திருக்கும். உறுப்பைப் போமமைட்டில் ஊறவைத்துச் சாயத்தைக் கரைத்து, 620 நனோமீற்றரில் அளவெடுப்பார்கள். அதற்கு முன், இதயத்தினூடாக உப்புக்கரைசல் செலுத்தி இரத்தத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் குழாய்க்குள் நிற்கும் சாயமும் கசிவாகக் கணக்கில் ஏறும்.

இந்த எலி பல வைரசுகளுக்கு எளிதில் விழும். கூடு, தீனி, தண்ணீர், படுக்கை எல்லாம் கிருமிநீக்கியே உள்ளே போக வேண்டும். தொற்று ஏற்றிய பின் நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, உடல் நிறையில் ஐந்திலொன்று குறைந்தால் வேதனையில்லாமல் முடித்துவிட வேண்டும். தானாகச் சாகட்டும் என்று நாளெண்ணிக் காத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது.

இனிப் பிள்ளைகளின் கேள்வி. வைரசின் பெருக்கத்தை நேரே மறிக்கும் மருந்தென்றால், இரத்தத்தில் வைரசு குறைந்ததா என்று இந்த எலியிடம் கேட்கலாம். இன்டர்பெரோன் வழியாக வேலை செய்யும் மருந்து எவ்வளவு நல்லதானாலும் இங்கே பலன் காட்டாது. எலியின் எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதி இல்லாததால் தடுப்பூசிக்கும் அரைப் பதில்தான். ஆனால் சொற்பப் பிறபொருளெதிரி இருக்கும்போது தொற்று மோசமாவதை 2010இல் இந்த எலிகள் தெளிவாகக் காட்டின.

எலியின் டிஎன்ஏயைப் பெருக்கிப் பட்டைகளாகப் பார்க்கும் பிசிஆர் சோதனையின் படம் ஒன்று வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். நான்கு நிரல், அதில் ஒன்று தண்ணீர் மட்டும் விட்டது, அதில் பட்டை வந்தால் முழு ஓட்டமும் வீண். இரண்டு பட்டை தெரிகிற நிரல் எந்த எலியுடையது என்று பிள்ளைகளே சொல்லட்டும். பன்றி இதயம் பற்றிக் கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் கல்லடி நண்பன்