சின்னவனுக்குக் கொஞ்சம் தனி வேலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைக்கூட இப்போது உரக்கப் படித்துக் காட்டுகிறார். என் மகள் தன் பாடத்தைத் தானே பார்த்துக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டாள். அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெரியவளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நேரம் பார்த்து 4 வயதுக்காரன் மடியில் ஏறி அவள் நோட்டில் கிறுக்குகிறான், அவனைத் தானாக எதிலாவது ஈடுபட வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். ஆனால் முதலில் வரிசையை மாற்று. பெரியவளை உட்கார வைப்பதற்கு முன்னால் ஒரு 10 நிமிஷம் முழுக்க முழுக்கச் சின்னவனோடு இரு. கதையோ விளையாட்டோ, அவன் கேட்பது எதுவானாலும் சரி. போன் வேறு அறையில் இருக்கட்டும். அம்மா கிடைத்துவிட்டாள் என்ற திருப்தி வந்த பிள்ளை, கொஞ்ச நேரம் அம்மாவை விட்டுத்தரும். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கிற பிள்ளையிடம் எந்த வேலையும் எடுபடாது, அது உனக்கே தெரியும்.

அப்புறம், என்ன கொடுப்பது. நான் எப்போதும் ஒரு கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்வேன்: "இது சரியாம்மா?" என்று அவன் ஓடி வந்து கேட்காமல், செய்கிற வேலையே அவனுக்குப் பதில் சொல்லுமா? ஒர்க்ஷீட் கொடுத்தால் ஒவ்வொரு கோடு முடிந்ததும் உன்னிடம்தான் வருவான். டப்பாவையும் மூடியையும் கொடுத்தால் வரமாட்டான். பொருந்தினால் பொருந்தியது, இல்லையென்றால் வேறு மூடி. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். அவர் உருவாக்கிய சாதனங்களின் அடிப்படையே இதுதான். உருளைக் கட்டைகளை அதனதன் குழியில் இறக்க வேண்டும். ஒன்று தப்பான குழிக்குப் போனால் கடைசியில் ஒரு கட்டை இடம் கிடைக்காமல் நிற்கும். திருத்துவதற்கு ஆசிரியை வேண்டாம். இதற்காக அந்தச் சாதனங்களை எல்லாம் நீ வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற பல அளவு டப்பாக்களே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் ஊற்றும் வேலை. விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, அதில் கைப்பிடி வைத்த இரண்டு சின்ன ஜக்குகள், ஒரு துண்டு ஸ்பாஞ்ச். ஒரு ஜக்கில் மட்டும் பாதி அளவு தண்ணீர். முதல் நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீ செய்து காட்ட வேண்டும், பேசாமல். நீ பேசினால் அவன் உன் வாயைப் பார்ப்பான், கையைப் பார்க்க மாட்டான். ஜக்கை மெதுவாகத் தூக்கு, மூக்கை அடுத்த ஜக்கின் நடுவுக்கு நேராகக் கொண்டுவா, ஊற்று. முடிந்ததும் உடனே எடுத்துவிடாதே. கடைசிச் சொட்டு விழும்வரை அப்படியே பிடித்துக் காத்திரு. தட்டில் சிந்திய துளியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடு. அவ்வளவுதான், தட்டை அவன் பக்கம் தள்ளிவிடு. என் மகள் அந்த வயதில் ஊற்றியதை விட அந்தக் கடைசிச் சொட்டுக்காகக் காத்திருந்த நேரம்தான் அதிகம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை ஜக்கின் மூக்கிலிருந்து எடுக்காமல் நிற்பாள். ஒரு ஜக்கிலிருந்து இன்னொன்றுக்கு, திரும்ப முதல் ஜக்குக்கு என்று மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கலாம் என்பதால் இந்த வேலைக்கு முடிவே கிடையாது. மணிக்கட்டு பழகும், கண்ணும் கையும் ஒத்துழைக்கும், அளவு என்றால் என்னவென்று புரியும். தண்ணீர் மட்டும் எப்போதும் ஒரு ஜக்கில் பாதிதான். கவிழ்ந்தாலும் அவன் கையாலேயே துடைத்து முடிக்க வேண்டும் அல்லவா?

மற்றவை எல்லாம் வீட்டிலேயே கிடப்பவைதான். துவைத்த சாக்ஸ்களை ஜோடி சேர்ப்பது. சின்ன கைத்துண்டின் நடுவில் ஒரு கோடு தைத்துக் கொடுத்தால் அந்தக் கோட்டில் மடிப்பது. பெரிய போல்ட்டில் நட்டைத் திருகுவது. பழைய காலண்டர் படத்தை அட்டையில் ஒட்டி 4 துண்டாக வெட்டித் தருவது. நான்கு எளிதாகிவிட்டால் அதையே ஆறாக்கிவிடு. கத்தரிக்கோல் இன்னும் பழகவில்லை என்றால், ஒரே வெட்டில் துண்டாகிற மாதிரி குறுகலான காகிதப் பட்டைகளைக் கொடு. கோட்டைப் பார்த்து வெட்டுவது அதற்கு அப்புறம்தான். கத்தரி முனை மழுங்கியதாக இருந்தாலும் அந்த நேரத்தில் உன் நாற்காலி அவன் பக்கம் திரும்பியிருக்கட்டும்.

எண்ணுக்குத் துணி கிளிப் போதும். ஒரு அட்டையில் 3 என்று எழுதி, பின்பக்கம் மூன்று புள்ளி வை. அவன் மூன்று கிளிப் மாட்டிவிட்டு அட்டையைத் திருப்பிப் புள்ளிகளோடு ஒத்துப்பார்ப்பான். கிளிப்பை அழுத்தித் திறக்கிற அந்த மூன்று விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகின்றன. எழுத்துக்கு உப்புத்தாள். ட, ப போல நேர்க்கோட்டில் அமைந்த எழுத்துகளை நைசான உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டு. தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வை. அவன் விரலால் தடவிப் பழகட்டும். அ, இ எல்லாம் வளைவும் சுழியுமாக இருப்பதால் அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நெடுங்கணக்கு வரிசையில்தான் போக வேண்டும் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. கைக்கு எளிதானது முதலில் வருவதில் ஒரு தவறும் இல்லை.

இன்னொன்றும் செய்து பார். அவனுக்குப் பிடித்த படக்கதையை உன் குரலில் போனில் பதிவு செய். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்டதும் அவனே பக்கத்தைத் திருப்புவான். திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும், உன் குரல் மட்டும் அவனோடு இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து வைக்காதே. கைக்கு எட்டும் உயரத்தில் 4 தட்டுகள் போதும், மீதி அலமாரிக்குள் இருக்கட்டும். 2018ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் குழந்தைகளிடம் சோதித்தே பார்த்தார்கள். 16 பொம்மைகள் இருந்தபோது இருந்ததைவிட, 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்களாம். அவர்கள் பார்த்தது உன் மகனைவிடச் சின்னப் பிள்ளைகளை என்றாலும், எங்கள் வீட்டில் நான் கண்டதும் இதுதான். ஒரு தட்டு சலித்துவிட்டது என்று தெரிந்தால் உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடு. பழையது சில வாரம் கழித்து வெளியே வந்தால் புதுசுதான்.

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இரு. 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டுக்கு வந்துபோனாலும், டாய்லெட் பேப்பர் உருளையின் ஓட்டைக்குள் போகிற அளவுள்ள எதுவும் தட்டில் இருக்கக் கூடாது. பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தங்கள், தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் அந்த வண்ண மணிகள் மூன்றும் எந்த வயதுக்கும் வேண்டாம். விழுங்கினால் குடலையே பாதிக்கும், பேட்டரி தொண்டையையே அரித்துவிடும். வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு அறையைவிட்டு நகராதே. சில சென்டிமீட்டர் தண்ணீரே ஆபத்துதான். 'தனியாகச் செய்கிறான்' என்றால் உன் கண் எட்டும் இடத்தில் என்றுதான் எப்போதும் வைத்துக்கொள்.

எனக்கு மனதில் பெரிதாகப் படுகிற விஷயத்தை இப்போது சொல்கிறேன். அவன் ஒரு வேலையில் மூழ்கிவிட்டான் என்றால் அவனைத் தொடாதே. "அட, என் தங்கம், எவ்வளவு அழகா ஊத்துற!" என்றுகூடச் சொல்லாதே. அந்த ஒரு வார்த்தையில் அவன் கண் தண்ணீரை விட்டு உன் முகத்துக்கு வந்துவிடும், திரும்பப் போகாது. மாண்டிசோரி அந்த உருளைக் கட்டைகளோடு உட்கார்ந்திருந்த 3 வயதுச் சிறுமியைப் பற்றி எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். 40 தடவைக்கு மேல் செய்துவிட்டு, தானாக நிறுத்தி, முகம் மலர்ந்து நிமிர்ந்தாளாம். அந்த ஆழம் நம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. நாம்தான் பாசத்தில் குறுக்கே போய்விடுகிறோம். அவன் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தால் அதையும் விட்டுவிடு. அந்த வயதில் யோசிப்பது வாய்விட்டுத்தான் நடக்கும்.

ஸ்டிக்கர் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம் என்பேன். 1973ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ஏற்கனவே படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரைய வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாத விளையாட்டு நேரத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். உன் மகனுக்கு ஊற்றுவதில் இருக்கிற ஆசையை ஒரு ஸ்டிக்கருக்கு விற்க வேண்டாம். வேலை முடிந்து அவனே கூப்பிட்டால் போய்ப் பார், என்ன செய்தான் என்று கேள், அது போதும்.

நீ பெரியவளோடு இருக்கும்போது அவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் உன் தோளில் கைவைத்து நிற்கப் பழக்கு. நீ அவன் கைமேல் உன் கையை வைத்தால், பார்த்துவிட்டேன், இதோ வருகிறேன் என்று அர்த்தம். சொன்னபடி வாக்கியம் முடிந்ததும் திரும்பிவிட வேண்டும், அதில் ஏமாற்றக் கூடாது. ஆரம்பத்தில் 5 நிமிஷம் இருந்தாலே நல்லது. 15 நிமிஷம் வந்துவிட்டால் பெரியவளுக்கு ஒரு கழித்தல் கணக்கை அமைதியாகச் சொல்லித்தர அது தாராளம். சில நாள் எதுவும் நடக்காது. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு மூன்று பேரும் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

தண்ணீர் தட்டை முதலில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது. பெரியவளுக்கு வாய்ப்பாடு எப்படிப் போகிறது என்றும் எழுது, என்னிடம் அதற்கும் சில யோசனைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய தோழி