சொல்லைப் பிரிக்குமுன் எழுத்தைப் பிரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலேசியத் தோட்டப்புறத் தமிழுக்குக் கணினிச் சொற்பட்டியல் தயாரிப்பது பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரை, இலக்கண விதிகளை ஊட்டினால்தான் கணினி உருபுகளைக் கண்டுபிடிக்கும் என்கிறது. அப்படியில்லை. வெறும் எண்ணிக்கையே பாதிக்கு மேல் வேலையை முடித்துவிடும். மொழியியலாளர் செல்லிக் ஹாரிஸ் 1955-லேயே இதற்கு வழி சொன்னார்: ஓர் ஒலித்தொடருக்குப் பின் எத்தனை விதமான ஒலிகள் வருகின்றன என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை சட்டென்று ஏறும் இடம்தான் வெட்டுமிடம்.

ஒலி என்றார், எழுத்து என்று சொல்லவில்லை. தமிழில் பலர் கோட்டை விடுவது அங்கேதான். தோட்டத்தில், தோட்டத்தை, தோட்டத்துக்கு மூன்றையும் எழுத்தெழுத்தாக எண்ணினால் 'தோட்டத்' வரை ஒரே தடம். பிறகு தி, தை, து என்று கிளைக்கும். கணினி அங்கே வெட்டி தில், தை, துக்கு என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில், வீட்டை, வீட்டுக்கு தருவதோ டில், டை, டுக்கு. மூன்றே உருபுகள் ஆறாகிவிட்டன! உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக உடைத்துவிட்டு எண்ணுங்கள். 'தோட்டத்த்', 'வீட்ட்' இரண்டுக்கும் பின்னால் இல், ஐ, உக்கு என்றே மிஞ்சும். (அந்த உகரம் எதில் சேரும் என்று புலவர்கள் வாதாடட்டும், பட்டியலுக்கு இது போதும்.)

அதற்கும் முன்னால் குறியீட்டைச் சீர்செய்தாக வேண்டும். கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ' இரண்டு குறியெண்களாகவும் இருக்கலாம். கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிந்து மூன்றாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு இரண்டு. 'கௌ'வுக்குக் கொம்பு போட்டு ளகரத்தை அடித்து வைப்பவர்களும் உண்டு.

எண்ணிக்கை கைவிரிக்கும் இடமும் இருக்கிறது. கால், காலில், காலுக்கு நிறைய வரும் உரைக் கோப்பில், 'காலைப் பெரட்டு' (தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் கூட்டம்) என்பதிலுள்ள காலையையும் கால்+ஐ என்று வெட்டிவிடும். பக்கத்துச் சொல்லையும் சேர்த்து எண்ணினால்தான் தப்பலாம்.

மொழியைக் கையாளும் இன்றைய கணினி நிரல்கள் பலவும், பிலிப் கேஜ் 1994-இல் கோப்புகளைச் சுருக்க வெளியிட்ட உத்தியைப் பின்பற்றுகின்றன: அடிக்கடி அடுத்தடுத்து வரும் இணையை ஒட்டு, மறுபடி எண்ணு, மறுபடி ஒட்டு. பெரட்டு, கித்தா (ரப்பர்) போன்றவை தமிழ்நாட்டு ஏடுகளில் அரிது என்பதால், அங்கிருந்து மட்டும் திரட்டிய கோப்பில் ஒட்டுவதற்கு இணை சேராது. சொல் துண்டு துண்டாகவே கிடக்கும். ஆகவே அந்தக் கட்டுரை பரிந்துரைத்த வெளிநாட்டுக் கோப்புகளோடு, நம் தோட்டப் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களையும் தட்டச்சு செய்து சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
கணினித் தமிழ் வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேரா.