அக்கரையில் நீ, இக்கரையில் நான்

செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி, சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். அப்புறம் உனக்குப் பிரஸாவில்லில் வேலை உறுதியாகிவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒரே ஆற்றின் இரண்டு கரையில் இருக்கப் போகிறோம்!

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் மாயா-மாயா விமான நிலையத்துக்கும் இங்கே கின்ஷாசாவின் என்ஜிலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் 26 கிலோமீட்டர்தான், அதனால் சாயங்காலம் வந்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம் என்கிறாய். முடியாது மச்சான். நடுவில் காங்கோ ஆறு ஓடுகிறது, காங்கோ குடியரசின் பிரஸாவில், காங்கோ ஜனநாயகக் குடியரசின் கின்ஷாசா என்ற இந்த இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே பாலமே கிடையாது. 2018-ல் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி முன்னின்று மலுக்கு என்ற இடத்தின் பக்கம் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் பாலம் கட்டப்போவதாக அறிவித்தார்கள், ஆனால் சனங்கள் இன்னும் படகில்தான் போகிறார்கள்.

விமானத்தை நினைக்காதே. ஆகாயத்தில் இருப்பது சில நிமிடங்கள்தான், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே போய் உட்கார வேண்டும், டிக்கெட் விலைக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மாயா-மாயா ஊருக்குள்ளேயே இருக்கிறது, சரி, ஆனால் என்ஜிலியில் இறங்கி நான் இருக்கும் கோம்பேவுக்கு வர லுமும்பா சாலையைத் தாண்ட வேண்டுமே, மாலை நெரிசலில் அந்தச் சாலையிலேயே பொழுது போய்விடும்.

படகில் வா. வேகப்படகு பத்துப் பதினைந்து நிமிடத்தில் இந்தக் கரையின் என்கோபிலா படகுத் துறையில் சேர்த்துவிடும். நேரமெல்லாம் கரையில்தான் போகிறது: பாஸ்போர்ட் வரிசை, விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, மறுபடி முத்திரை. பணமும் வேறு, அங்கே சிஎஃப்ஏ பிராங்க், இங்கே காங்கோ பிராங்க். இருட்டினால் படகு கிடையாது, அதனால் காலையிலேயே கிளம்பு.

துறையில் மூன்று சக்கர வண்டிக்காரர்களைப் பார்ப்பாய். போலியோவால் நடக்க முடியாதவர்களுக்குப் படகுக் கட்டணத்திலும் வரியிலும் நெடுங்காலம் சலுகை இருந்ததால் அவர்களில் பலர் இந்த ஆற்று வியாபாரத்தில் இறங்கினார்கள். கையால் சுற்றி ஓட்டும் அந்த வண்டியில் இருக்கைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மூட்டை கட்டியிருக்கும், இரண்டு பையன்கள் முட்டுக் கொடுத்துத் தள்ளப் படகில் ஏறுவார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

இரண்டு கரையிலும் ஒரே லிங்காலாதான் பேசுகிறார்கள், மாமன் அங்கே மச்சான் இங்கே என்று வாழ்கிறவர்கள். பெல்ஜிய அரசர் லியோபோல்டும் பிரான்சும் ஆற்றையே எல்லையாக்கிப் பங்கு போட்டுக்கொண்டதற்கு, கல்யாணத்துக்கும் சாவுக்கும்கூட இவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது.

ஒன்று மறந்துவிடாதே. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்த அட்டை செல்லும், அதனால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த வாரமே விசாரி. பிரஸாவில் வந்து சேர்ந்ததும் இந்தப் பக்கத்து விசாவுக்கு எழுதிப் போடு, என்ன கடிதம் வேண்டுமோ நான் இங்கிருந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி