பாடகர் குழுப் பொறுப்பு: சேவியருக்கு

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள சேவியர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பங்குச் சாமியார் உன்னைப் பாடகர் குழுவுக்குப் பொறுப்பாகப் போட்டது நல்ல சேதி. "குரல் இருக்கிறது, ஆனால் முன்னால் போய் நின்றால் பெருமைக்குச் செய்வதாகிவிடுமோ" என்று எழுதியிருந்தாயே, முதலில் அதைப் பேசிவிடுவோம்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் எஜமானிடம் ஒரே ஒரு தாலந்து பணம் வாங்கியவன் திருடனில்லை. வாங்கியதைக் காசு குறையாமல் திருப்பிக் கொடுத்தான். ஆனாலும் திட்டு வாங்கினான். பயந்துபோய் மண்ணைத் தோண்டிப் புதைத்தான், அதுதான் குற்றம். அந்த ஒன்றும் சில்லறைக் காசு இல்லை. ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். வருடத்துக்கு 300 வேலைநாள் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20 வருட உழைப்பு. அதனால் 'எனக்கு என்ன பெரிசாத் தெரியும்' என்று கடைசிப் பெஞ்சில் போய் உட்காருவதைத் தாழ்ச்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெருமை வந்துவிடும் என்ற பயத்துக்குத் திருப்பலி நூலிலேயே மருந்து இருக்கிறது. 'தூயவர்' பாடலுக்கு முன் குருவானவர் சொல்லும் நன்றி மன்றாட்டுதான் தொடக்கவுரை; சாதாரண நாள்களுக்கான பொதுத் தொடக்கவுரை ஒன்றில், கடவுளுக்கு நம் புகழ்ச்சி தேவையில்லை, நமக்கு நன்றி சொல்ல வருவதே அவர் கொடுத்த கொடை என்று வரும். நீ பாடினால் அவருக்கு ஒன்றும் கூடிவிடாது. பயன் நமக்குத்தான்.

உன் குரலுக்கான வேலை மக்களைப் பாடவைப்பது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றி வெளியிட்ட ஏடு, மக்கள் முழுமையாகப் பங்கெடுப்பதையே முதன்மையாக வைத்தது. பாடகர் குழு செய்வது உண்மையான வழிபாட்டுப் பணி என்றும் அதே ஏடு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உன் பொறுப்பு விளங்கும்.

பாட்டுத் தேர்வைச் சனிக்கிழமை ஒத்திகைக்கு விடாதே. வாரத் தொடக்கத்திலேயே வரும் ஞாயிறின் வாசகங்களை எடுத்து, முதலில் பதிலுரைப் பாடலை, அதாவது முதல் வாசகத்துக்குப் பிறகு பாடும் திருப்பாடலை, முடிவு செய். வாசக நூல் தருவது அது, அந்த இடத்தில் வேறொரு பக்திப் பாட்டை வைக்கக் கூடாது. நிறையப் பங்குகளில் தவறுவது இங்கேதான். பல்லவியின் மெட்டு ஐந்தாறு சுரத்துக்குள் இருக்கட்டும். வாசக மேடையில் ஒருவர் ஒருமுறை பாடியதும் மக்கள் அப்படியே வாங்கிப் பாடிவிட வேண்டும், வசனங்களை அந்த ஒருவரே பாடட்டும். வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் அதற்குப் பிறகு தானாக அமையும். ஒரு ஞாயிறில் ஒரு புதுப்பாட்டுக்கு மேல் வேண்டாம். திருப்பலிக்கு ஐந்து நிமிடம் முன்பு சொல்லிக்கொடுத்து, அடுத்த இரண்டு ஞாயிறும் அதையே எடு.

மக்கள் பாடுவதில்லை என்று குறைப்பட்டிருந்தாய். பெரும்பாலும் சுருதிதான் காரணம். முன்னால் பாடும் பெண்ணுக்கு வாகாக ஸ்கேல் வைத்தால், சரணம் மேலே ஏறும்போது ஆண்களின் குரல் உடைந்து வாய் மூடிவிடும். கீபோர்டுக்காரரிடம் பாட்டின் உச்ச சுரம் எது என்று கேள். அது மேல் ஸ்தாயி 'டி'யைத் தாண்டாதபடியும், அடிச் சுரம் கீழ் 'ஏ'வுக்குக் கீழே இறங்காதபடியும் டிரான்ஸ்போஸ் வைக்கச் சொல். அடுத்தது அந்தத் தானியங்கி ரிதம். பெரிய கோயிலில் எதிரொலி இருக்கும், ஜனம் இழுத்துத்தான் பாடும். மெஷின் நிற்காமல் ஓட, ஜனம் பாதியில் கைவிட்டுவிடும். 'தூயவர்' மக்களுடையது, அதற்காவது ரிதத்தை அணைத்துவிடு.

பத்துப் பேருக்குப் பத்து மைக் எதற்கு? முன்பாடகருக்கு ஒன்று, குழுவுக்கு ஒரு முழம் தள்ளி ஒன்று போதும். ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் நின்று அதை நோக்கியிருந்தால் கூவத்தான் செய்யும், முன்னால் தள்ளி வை. ஒரு ஞாயிறு உன் ஆள் ஒருவரைக் கடைசிப் பெஞ்சில் உட்காரவை. பக்கத்தில் இருப்பவர் பாடுவது அவர் காதில் விழ வேண்டும். ஸ்பீக்கர் மட்டும் கேட்டால் சத்தம் அதிகம்.

குருவானவர் கை கழுவி முடித்து நிற்கும்போது காணிக்கைப் பாடலின் மூன்றாம் சரணம் தொடங்காதே. நற்கருணைப் பாடலை அவர் நற்கருணை உட்கொள்ளும்போதே எடுத்துவிடு. குழுவில் பாதிப் பேர் முதலிலும் மீதிப் பேர் கடைசியிலும் நன்மை வாங்கப் போகட்டும். பாவம், பல கோயில்களில் கீபோர்டுக்காரரை மறந்தே விடுகிறார்கள்.

தவக்காலம் நெருங்கிவிட்டது. அல்லேலூயா கிடையாது, 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதமும் கிடையாது. இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும். தவக்கால நான்காம் ஞாயிறும், பெருவிழாக்களும், விழாக்களும் இசைக்கருவி விதிக்கு விலக்கு. மார்ச் 19 சூசையப்பர் திருநாளிலும் மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாளிலும் 'உன்னதங்களிலே' உண்டு, அன்றைக்கும் அல்லேலூயா மட்டும் வராது. இதில் தடுமாறாத குழுவே குறைவு.

பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். புனித இஞ்ஞாசியார் ஆன்மச் சோதனையில், அதாவது நம்மை நாமே திரும்பிப் பார்க்கும் செபத்தில், முதல் படியாக நன்றியைத்தான் வைக்கிறார், தவறுகள் பிறகு வரும். அந்த வரிசையை மாற்றாதே. குறையிலிருந்து தொடங்கினால் சின்னப் பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அவர்களில் இரண்டு பேரையாவது பதிலுரைப் பாடலுக்கு இப்போதே தயார் செய். பெரிய வியாழன் வரை நீயே பாடிக்கொண்டிருந்தால், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பின் அத்தனை பதிலுரைப் பாடல்களும் உன் ஒரே தொண்டையில் வந்து விழும்.

'தூயவர்' இப்போது எந்த ஸ்கேலில் எடுக்கிறீர்கள் என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மரியதாஸ்