பழைய 911 வாங்கத் துடிக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய விளம்பரத்தை முழுதாகப் படித்தேன். 2001 போர்ஷே 911 கரேரா, வெள்ளி நிறம், மேனுவல் கியர், கறுப்புத் தோல் சீட், 41,000 மைல், விலை பதினைந்தாயிரம் பவுண்டுக்குள். "மாமா, ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வாங்குற காசுக்கு 911 கிடைக்குது, விடலாமா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் உன் அக்கா நடுவில் புகுந்து ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள், அதனால் எழுதிவிடுகிறேன். உன்னைப்போல யோசித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அந்தக் கோல்ஃப் கணக்கை முதலில் மறந்துவிடு. இறங்கியிருப்பது காரின் விலைதான், பாகங்களின் விலை இறங்கவே இல்லை. புதிதாக வந்தபோது இங்கிலாந்தில் அறுபதாயிரம் பவுண்டுக்கு மேல் விற்ற கார் இது. இன்று அதைப் பதினைந்துக்கு வாங்கலாம். ஆனால் அதற்கு பிரேக் டிஸ்க், ஷாக் அப்சார்பர், கிளட்ச் என்று கேட்டுப் போனால் கடைக்காரர் உன்னை அறுபதாயிரம் பவுண்டு கார் வைத்திருப்பவனாகத்தான் பார்ப்பார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற ஆட்களை இந்த வட்டாரத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். கையில் பதினைந்து இருந்தால் பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ கார் தேடு, அல்லது பதினைந்துக்கு வாங்கி, முதல் வருஷச் செலவுக்கென்று தனியாக ஒரு நாலாயிரம் எடுத்து வை. அந்த நாலாயிரம் இல்லையென்றால் கோல்ஃபே வாங்கு, அதுவும் நல்ல கார்தான்.

996 என்று அழைக்கப்படும் இந்தத் தலைமுறை 911 மட்டும் ஏன் இவ்வளவு மலிவு என்று நீ யோசித்தாயா தெரியவில்லை. 1963-ல் முதன்முதலாகக் காட்டிய நாளிலிருந்து 911 என்றால் காற்றால் குளிரும் இன்ஜின். 1997-ல் 996 வந்தபோதுதான் முதல்முறையாகத் தண்ணீரால் குளிரும் இன்ஜினைப் போட்டார்கள். பழைய ரசிகர்களுக்கு அதுவே பெரிய துரோகம். அதோடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனி கிட்டத்தட்ட மூழ்கும் நிலைக்குப் போயிருந்தது. செலவைக் குறைக்க முன்பாதியை, அதாவது கதவு, முகப்பு விளக்கு எல்லாவற்றையும், தங்களுடைய விலை குறைந்த பாக்ஸ்டர் காரோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். பொரித்த முட்டை மாதிரி இருக்கிறதென்று அந்த விளக்கைக் கிண்டல் செய்தவர்கள் இன்றும் நிறுத்தவில்லை. எனக்கு அந்த விளக்கு பிடிக்கும். பிடிக்காதவர்கள் இருப்பதால்தான் உனக்கும் எனக்கும் இந்த விலைக்குக் கிடைக்கிறது, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

சரி, இப்போது நீ ராத்திரி தூக்கம் கெட்டு வீடியோ வீடியோவாகப் பார்க்கும் ஐ.எம்.எஸ். (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) விஷயம். இன்ஜினுக்குள் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோக நடுவில் ஒரு ஷாஃப்ட் இருக்கிறது. அதன் ஒரு முனையில், ஃப்ளைவீல் பக்கம், முழுக்க அடைத்த ஒரு பால் பேரிங். உள்ளே கிரீஸ், இரண்டு பக்கமும் சீல். வருஷங்கள் போகப்போக சீல் இறுகி, சூடான இன்ஜின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. ஆயில் உள்ளே போகும், ஆனால் நன்றாகச் சுற்றிவராது, அதுதான் கோளாறு. கடைசியில் பேரிங் உடைந்தால் ஷாஃப்ட் இடம் மாறி, டைமிங் தப்பி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்கப்புறம் இன்ஜினைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆரம்பகாலக் கார்களில் பேரிங்கில் குண்டுகள் இரட்டை வரிசையாக இருந்தன, அவற்றில் பிரச்சினை மிகக் குறைவு. பிறகு ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள், அதுதான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. அமெரிக்காவில் இதற்காக வழக்குப் போட்டு, 2013-ல் சமரசமாக முடிந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை செய்த கார்களுக்கு, அதுவும் அங்கே உள்ளவர்களுக்கு மட்டும். இங்கிலாந்தில் இருக்கும் காருக்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை. நீ பார்க்கும் கார் இரண்டு வகையும் கலந்து வந்த காலத்துக் கார், திறந்து பார்த்தால்தான் எது என்று தெரியும்.

ஆனால் மாப்ளே, இது பூதம் இல்லை. மாற்றக்கூடிய ஒரு பேரிங். கியர்பாக்ஸையும் கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றினால் எதிரே இருக்கிறது. எப்படியும் கிளட்ச் மாற்ற வேண்டிய நாள் வரும், அன்றைக்குச் சேர்த்து மாற்றிவிட வேண்டியதுதான். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலும் அங்கேயேதான் இருக்கிறது, அதையும் அப்போதே போட்டுவிடலாம். மூன்றும் சேர்த்து, கம்பெனி ஷோரூமுக்குப் போகாமல் இந்தக் கார்களை மட்டுமே பார்க்கும் தனி மெக்கானிக்கிடம் போனாலும், இரண்டாயிரம் பவுண்டுக்குக் குறையாது. வலிக்கும், ஆனால் தெரிந்த செலவு. தேதியும் போடலாம்.

எனக்குப் பயம் தருவது வேறு. நீ ஆசை ஆசையாகக் குறிப்பிட்டிருக்கும் அந்த 41,000 மைல்.

இருபது வருஷத்துக்கும் மேலே ஆன கார், வருஷத்துக்கு இரண்டாயிரம் மைலுக்குக் கீழே ஓடியிருக்கிறது. அப்படியென்றால் பெரும்பாலான நாள் நின்றிருக்கிறது. இந்தக் காரை ஓட்டம் கெடுப்பதைவிட நிற்பது அதிகம் கெடுக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கராஜிலிருந்து வாசலுக்கு எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விட்டால், ஆயிலில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் இருக்கிறது, தண்ணீர் சூடான பிறகும் அது சூடாக இன்னும் நேரம் எடுக்கும். ரப்பர் ஹோஸ் எல்லாம் இறுகிப்போகும். கூலன்ட் ஊற்றும் பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் விழும், அது இன்ஜின் அறையின் மூலையில் மாற்றுபவன் சாபம் விடுகிற மாதிரி ஒரு இடத்தில் இருக்கிறது. பேட்டரி அலாரத்துக்கே தீர்ந்துபோகும். பிந்தைய கார்களில் முன் மூடி கரண்டில் திறக்கும், பேட்டரியோ அந்த மூடிக்குள் இருக்கிறது. பேட்டரி செத்தால் மூடி திறக்காது, மூடி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. ஃபியூஸ் பெட்டியில் ஒரு முனையை இழுத்து வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் திறக்கும் என்பதை மழையில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ளாமல் இப்போதே தெரிந்துகொள்.

அப்புறம் டயர். பார்க்கப் புதிதாக இருக்கும், பட்டை ஆழமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், அதைப் படி. 2214 என்றிருந்தால் 2014-ன் இருபத்திரண்டாவது வாரம் செய்தது. அந்த டயரில் மழை நாளில் மோட்டார்வேயில் போகாதே, பின்னால் இன்ஜின் வைத்த காரில் நிச்சயமாகப் போகாதே.

முன் பம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்க வாய்க்குள்ளும் ரேடியேட்டரும் அதன் முன்னால் ஏசி கண்டென்சரும் இருக்கின்றன. முன்னால் வலை எதுவும் இல்லை. நான் என் காரின் பம்பரை முதல்முறை கழற்றியபோது அந்த இடுக்கில் இருந்ததை இலை என்று சொல்ல முடியாது. கறுப்பாக, ஈரமாக, மட்கிப்போய், நம் ஊர்க் குப்பைக்குழி வாசனையோடு ஒரு உருண்டை. விரலை விட்டு வழித்து எடுத்தபோது கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் கையோடு சேர்ந்து பொடிப்பொடியாக வந்தன. குளிர்கால ரோட்டில் போடும் உப்பு அந்தக் குப்பையில் ஊறி, வருஷக்கணக்கில் உலோகத்தைத் தின்றிருக்கிறது. ஓட்டியிருந்தாலும் நின்றிருந்தாலும் இது நடக்கும், யாரோ ஒருவர் வருஷம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தாரா என்பதுதான் கேள்வி. விற்பவரிடம் இதைக் கேள். முழித்தார் என்றால் மற்ற பராமரிப்பும் எப்படி நடந்திருக்கும் என்று உனக்கே தெரிந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், 90,000 மைல் ஓடி, கையில் பிடிக்க முடியாத அளவுக்கு பில் வைத்திருக்கும் காரை, 41,000 மைல் ஓடி பளபளப்பாக நிற்கும் காருக்கு முன்னால் பார். பில் கட்டைப் புரட்டும்போது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் முத்திரைகளை நம்பி உட்காராதே, முத்திரை என்ன செய்தார்கள் என்று சொல்லாது. கூலன்ட் ஹோஸ், தண்ணீர் பம்ப், இக்னிஷன் காயில், சஸ்பென்ஷன் கை, பிரேக் குழாய் என்று பாகம் பாகமாக எழுதிய பில் வேண்டும். கம்பெனி சொன்ன நீண்ட இடைவெளியில் ஆயில் மாற்றினாரா, வருஷா வருஷம் மாற்றினாரா என்று பார். இதற்கெல்லாம் முன்னால், காசே செலவில்லாமல், அரசாங்க இணையதளத்தில் நம்பரைப் போட்டு எம்.ஓ.டி. (வருஷாந்திர வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றை எடு. 2005-லிருந்து ஒவ்வொரு வருஷமும் எத்தனை மைல், எதில் தோற்றது, என்னென்ன எச்சரிக்கை என்று எல்லாம் வரிசையாக இருக்கும். "பிரேக் குழாயில் துரு" என்று மூன்று வருஷம் தொடர்ந்து எழுதியிருந்தால், மூன்று வருஷமாக உரிமையாளர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

நீ அனுப்பியதன் நம்பர் 'ஒய்' எழுத்தில் தொடங்குகிறது. 2001 மார்ச் 1-க்குப் பிறகு பதிவானது என்று அர்த்தம், ஆகவே கார்பன் கணக்கில்தான் சாலை வரி. அதற்கு ஒரு வாரம் முன்னால் பதிவாகியிருந்தால் இன்ஜின் அளவுக்கான வரி, அது குறைவு. பெரிய தொகை இல்லை, இருந்தாலும் பேரம் பேசும்போது வாயில் இருக்கட்டும். லண்டனுக்குள் வருவதானால் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான) கட்டணம் உண்டா என்று நம்பரை வைத்துப் பார்த்துவிடு.

"அப்படின்னா டர்போ வாங்கிடலாமா, அதில் அந்தப் பேரிங் பிரச்சினை இல்லையாமே" என்று அடுத்துக் கேட்பாய், எனக்குத் தெரியும். இல்லைதான். 911-ன் டர்போ, ஜிடி3 வகைகளில் போர்ஷே இன்ஜினியர் ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த பழைய பந்தய இன்ஜின். ஆனால் அதில் கூலன்ட் குழாய்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், வயதாகும்போது அந்தப் பசை விட்டுக்கொடுக்கும், சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டும். விலையோ இரண்டு மூன்று மடங்கு. வேண்டாம். 3.6 லிட்டர் கரேராவும் நல்ல கார், 320 குதிரைத்திறன், ஆனால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் தொல்லை நீ பார்க்கும் 3.4 லிட்டரைவிட அதில் அதிகம். எதை வாங்கினாலும் போரஸ்கோப் என்ற மெல்லிய கேமராவைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதே. இரண்டு சைலன்சர் குழாய்களில் ஒன்று மட்டும் கரி படிந்து கறுப்பாக இருந்தால் கேமராகூட வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு.

வாங்கிய பிறகு முதல் வேலை ஆயில் மாற்றுவது. என் மெக்கானிக் பழைய ஃபில்டரை எறியமாட்டார். அதன் காகிதத்தை வெட்டி எடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, டார்ச் அடித்து, துளித்துளியாக மின்னுவது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். மின்னினால் காந்தத்தைக் காட்டுவார். ஒட்டினால் இரும்பு, அது பேரிங்காக இருக்கலாம். ஒட்டாவிட்டால் அலுமினியம், அது வேறு கவலை. கறுப்புப் பிளாஸ்டிக் துகள்களா, அது இன்ஜினுக்குள் செயின் உரசித் தேய்க்கும் பட்டையாக இருக்கலாம். இன்ஜினுக்குள் நடப்பதை இவ்வளவு மலிவாகச் சொல்லும் பரிசோதனை வேறு கிடையாது. ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் நின்று பார், அவர் பேசுவதைக் கேள், ஒரு டீ வாங்கிக் கொடு. நல்ல மெக்கானிக் கிடைத்தவனுக்கு இந்தக் கார் பாதி விலை.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு நான் மட்டும் ஏன் வைத்திருக்கிறேன் என்று உன் அக்காவும் கேட்பாள். 1,320 கிலோ எடை, ஹைட்ராலிக் ஸ்டியரிங், டர்போ இல்லாத இன்ஜின். ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் உள்ளங்கைக்கு வரும். யார்க்ஷயரில் மலைச்சாலையில் மூன்றாம் கியரில் இன்ஜின் சுற்று நாலாயிரத்தைத் தாண்டும்போது அந்தச் சத்தம் பின்னாலிருந்து ஏறும், அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது, சனிக்கிழமை உட்கார வைத்துக் காட்டுகிறேன். ஒரு சாதாரணக் காரைப்போல அதில் ஆபீஸுக்கும் போகிறேன், சாமான் வாங்கவும் போகிறேன். பின் சீட்டில் ஆள் உட்கார முடியாது, அரிசி மூட்டை தாராளமாக உட்காரும்.

விளம்பரக் காரை ஒதுக்கச் சொல்லவில்லை. விற்பவருக்கு இன்றைக்கே போன் போடு. பில் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல். டயரின் நான்கு இலக்கத்தையும் கேள், கடைசியாக எப்போது பம்பரைக் கழற்றினார்கள் என்றும் கேள். பதில் திருப்தியாக இருந்தால் சனிக்கிழமை காலை வருகிறோம் என்று சொல், முக்கியமாக, நாங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று இரண்டு தடவை சொல். சூடாக்கி வைத்த கார் பொய் சொல்லும், குளிர்ந்த இன்ஜினின் முதல் அரை நிமிஷத்தை நான் கேட்க வேண்டும். டார்ச், காந்தம், பழைய துணி எல்லாம் நான் எடுத்து வருகிறேன். நீ செக் புக்கை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.

அன்புடன்,
மாமா