பழைய பாட்டு ரசிகர் சங்கம், பீடோங், மலேசியா: செயலாளரோட ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் செயலவை அண்ணன் அக்காமாருக்கும், டவுன்லேர்ந்தும் சுத்துவட்டார தோட்டத்துலேர்ந்தும் மழைய பாக்காம வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு பொருளாளர் தனியா வாசிப்பாரு. சந்தா பாக்கி யாரு யாருன்னு நான் மைக்ல சொல்ல மாட்டேன், அவங்கவங்களுக்கே தெரியும் லா.

தீபாவளி விருந்து, கோயில் திருவிழாவுல தண்ணிப்பந்தல், கரவோக்கே நைட்டு எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, அதுக்கு மேல சொல்ல ஒன்னும் இல்ல. புதுசா செஞ்சது காதல் பாட்டு புதிர் போட்டிதான். மாசக் கூட்டம் முடிஞ்சதும் பாட்டோட மொத மியூசிக்க மட்டும் போட்டுட்டு நிறுத்திடுறது, படம் என்ன, பாடுனது யாரு, எழுதுனது யாருன்னு கேக்குறது, அவ்ளோதான். இதுக்குப் போயி இவ்ளோ சண்டை வரும்னு செயலவையில யாருமே நெனைக்கல.

பெரிய சண்டை எஸ்.பி.பி.யோட மொத தமிழ் பாட்டு எதுன்னு கேட்டப்பதான். மூணு குரூப்பு, மூணு பதில். ஒரு குரூப்பு அடிமைப்பெண் படத்து 'ஆயிரம் நிலவே வா'ன்னு சொல்லுது, இன்னொன்னு சாந்தி நிலையம் படத்து 'இயற்கை என்னும் இளைய கன்னி'ங்குது, பின்னாடி உக்காந்திருந்த தாத்தா ஒருத்தரு ரெண்டுமே இல்லடா, ஹோட்டல் ரம்பான்னு ஒரு படத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரி கூட பாடுனாரு, அந்தப் படம் வெளியவே வரலன்னாரு. பாத்தா மூணுமே சரி! மொதல்ல ரெக்கார்டிங் ஆனது தாத்தா சொன்னது, அடுத்தது சாந்தி நிலையம், ஆனா 1969-ல முந்திக்கிட்டு தியேட்டருக்கு வந்தது எம்.ஜி.ஆர். படமான அடிமைப்பெண். அந்தப் பாட்டுக்கு எஸ்.பி.பி.ய புக் பண்ணின நேரம் அவருக்கு டைபாய்டு வந்து படுத்துட்டாரு, வேற ஆள வெச்சி முடிச்சிருக்கலாம், ஆனா எம்.ஜி.ஆர்., 'பாடப் போறேன்னு ஃப்ரெண்டுங்ககிட்டயெல்லாம் சொல்லியிருப்பியே, நீ ஏமாந்து போவக் கூடாது'ன்னு காத்திருந்து பாட வெச்சாருன்னு எஸ்.பி.பி.யே பல மேடையில சொல்லியிருக்காரு. மூணு குரூப்புக்கும் பரிசு குடுத்தோம், பிஸ்கட் டின் ஒன்னுதான் இருந்துச்சு, அங்கயே ஒடைச்சு தே தாரிக்கோட, அதான் நம்ம இழுத்து ஆத்துன டீயோட, எல்லாரும் சாப்ட்டாச்சு.

மூன்று முடிச்சு படத்து 'வசந்த கால நதிகளிலே' பாட்டுல யாருக்குமே முழு மார்க் இல்ல. 1976, கண்ணதாசன் அந்தாதியா எழுதுனது, ஒரு வரி 'நீரலைகள்'னு முடிஞ்சா அடுத்த வரி 'நீரலைகள்'லதான் ஆரம்பிக்கும். ஜெயச்சந்திரன், வாணி ஜெயராம் வரைக்கும் எல்லாரும் சொல்லிட்டாங்க. கமல் படகுலேர்ந்து தண்ணியில விழுந்த பெறகு, ரஜினி காப்பாத்தாம துடுப்பு போட்டுக்கிட்டே பாடுறாரே, அந்தக் குரல் யாரோடதுன்னு கேட்டா மண்டபமே கப்சிப். மியூசிக் போட்ட எம்.எஸ்.வி.யேதான். காதல் பாட்டு மாதிரி ஆரம்பிச்சி கொலையில போயி முடியுற பாட்டுக்கு அந்தக் கரகரப்பு குரல்தான் சரி, வேற யாரு பாடியிருந்தாலும் இனிப்பா போயிருக்கும்.

மூன்றாம் பிறை படத்து 'கண்ணே கலைமானே' காதல் பாட்டா தாலாட்டான்னு தனியா ஒரு வாக்கெடுப்பே நடந்துச்சு, தாலாட்டு ஜெயிச்சுது, எனக்கு அதுல சம்மதம் இல்ல. கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதுன கடைசி பாட்டு அது, 1981 அக்டோபர்ல சிகாகோவுல அவரு காலமாயிட்டாரு, படம் அடுத்த வருஷம்தான் வந்துச்சு.

வருத்தமான விஷயம் ஒன்னு. 'பூங்காற்று திரும்புமா' போட்டா நம்ம ஆளுங்க பாதிப் பேரு டி.எம்.எஸ்.னு கை தூக்குறாங்க. சிவாஜின்னா டி.எம்.எஸ்.னு பழகிப் போச்சு, அது புரியுது, ஆனா முதல் மரியாதையில பாடுனது மலேசியா வாசுதேவன்! பேருலயே நாட்ட வெச்சிருந்த மனுஷன நாமளே மறந்தா எப்படி? 16 வயதினிலே படத்துல எஸ்.பி.பி.க்கு தொண்டை சரியில்லாததால வந்த சான்ஸ்ல மேல வந்தவரு, 'தங்கச் சங்கிலி' மாதிரி கொழையுற டூயட்டும் பாடுவாரு.

வருஷம் பூரா அதிக மார்க் எடுத்தது யாருன்னா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன நம்ம அக்காமாருங்கதான். ஆம்பளைங்க தோட்டத்து திடல்ல துணி கட்டிப் போட்ட படத்த பாத்தவங்க, பேரு ஓடுற நேரம் பாய் விரிக்க எடம் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க, அதனால எல்லாப் பாட்டும் 'சிவாஜி பாட்டு, எம்.ஜி.ஆர். பாட்டு'தான். அக்காமாரு அடுப்படியில ரேடியோ 6, அதான் நம்ம நாட்டு தமிழ் வானொலி, கேட்டவங்க, அறிவிப்பாளரு படம், பாடகர், கவிஞர்னு சொல்லிட்டுத்தான் பாட்டு போடுவாரு, அது அப்படியே மனசுல ஏறிடுச்சு. ஒரு அக்கா கருவேப்பில உருவிக்கிட்டே தலைய நிமித்தாம பதில் சொல்றாங்க, அவங்க வீட்டுக்காரரு பக்கத்துல கண்ண மூடி யோசிக்கிறாரு!

வர்ற வருஷத்துக்கு செயலவை கேக்குறது ரெண்டு. ஒன்னு, பிப்ரவரி 20 மலேசியா வாசுதேவன் நினைவு நாளு, அந்த மாசம் முழுக்க அவரு பாட்டு மட்டும். ரெண்டாவது, சண்டை வந்தா கேசட்டு அட்டையோ இசைத்தட்டு உறையோ காட்டணும், 'எங்க மாமா சொன்னாரு' செல்லாது. முன்மொழிய, வழிமொழிய ஆளு வேணும். சங்கத் தேர்தல் படிவம் துணைத்தலைவர்கிட்ட இருக்கு, டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துடுங்க.